இரு தாங்கிகளும் ஒரு தனிவழியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரைபடத்தை விரித்து, மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியாவுக்குச் சற்றுக் கிழக்கே கண்ணை ஓட்டினால், நெவாடா என்னும் பெரியதொரு மாநிலம் தென்படும். சூதாட்ட மண்டபங்களுக்குப் பேர்போன லாஸ் வேகாஸ் நகரம் அதன் தென்மூலையில் இருக்கின்றது. அந்நகரின் ஒளிவெள்ளத்தைப் படங்களிற் கண்டோர், நெவாடா முழுவதுமே அவ்வாறுதான் இருக்கும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை வேறு. அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களுள்ளும் மழை மிகக் குறைந்தது நெவாடாவே. அதன் நடுப்பகுதியை மேற்குக் கிழக்காக ஊடறுத்துச் செல்கிறது 50 ஆம் இலக்க நெடுஞ்சாலை. 1986 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'லைஃப்' என்னும் சஞ்சிகை, அமெரிக்காவிலேயே மிகத் தனிமையான சாலை இதுவென்று எழுதியது. பயணிகளை அச்சுறுத்த எழுதிய அச்சொல்லையே நெவாடா மக்கள் விருதாக ஏற்று, வழிநெடுகப் பலகைகளில் எழுதி நாட்டிவிட்டனர். இன்று அத்தனிமையைக் காண்பதற்கென்றே அங்கு வருவோர் உளர்.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அச்சாலை வழியே செல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எம் மைத்துனர் ஒருவர் அம்மாநிலத்தில் நெடுங்காலமாகக் குடியிருக்கிறார். அவரும், பொறியியல் பயிலும் அவர் மகளும், நாமுமாக மூவர் புறப்பட்டோம். ஏறிச் சென்ற வண்டியோ 1981 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட பழைய பிக்கப் வண்டி. அவ்வண்டி வழியிற் கற்பித்த பாடமும், அவ்வழியின் இயல்பும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆதலால் இரண்டையும் சேர்த்தே இங்குச் சொல்லுகிறோம்.

மலையும் பள்ளமும்

நெவாடாவின் நிலவமைப்பு விநோதமானது. வடக்குத் தெற்காக ஓடும் மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிட்டு நிற்கின்றன. இரண்டு தொடர்களுக்கு இடையே தட்டையான அகன்ற பள்ளத்தாக்கு. கிழக்கே செல்பவன் ஒரு கணவாயில் ஏறி, மறுபுறம் இறங்கி, பள்ளத்தாக்கை நேர்கோடாகக் கடந்து, மீண்டும் அடுத்த கணவாயில் ஏறவேண்டும். உச்சியில் நின்று நோக்கினால், கடக்க வேண்டிய சாலை மறுமலையின் அடிவரை நீட்டிய நூல்போலத் தெரியும். அந்நூலின் மேல் வேறொரு வண்டியும் இல்லாத நேரமே அதிகம். தரையெங்கும் சாம்பற்பச்சை நிறமான செய்ஜ் புதர்கள். மலைச்சாரலிலே குட்டையான பினியன் பைன் மரங்கள். அப்பைன் மரத்தின் விதைகளே, வெள்ளையர் வருமுன் இந்நிலத்தில் வாழ்ந்த ஷொஷோனி, பையூற் மக்களுக்கு மாரிகால உணவாய் இருந்தன.

இங்குப் பிறக்கும் ஆறுகளிற் பெரும்பாலானவை கடலைக் காண்பதில்லை. மலையில் உருகும் பனிநீர் பள்ளத்தாக்கில் இறங்கி, சதுப்பிலும் உப்புத் தரையிலும் சென்று மறைகின்றது. நீர் இல்லாத இடத்தில் ஊர் இல்லை. ஊர் இல்லாத இடத்தில் எரிபொருளும் இல்லை. ஆகவே, இச்சாலையிற் செல்வோர் தூரத்தை மைலால் அளப்பதைவிட, அடுத்த நிலையம் எங்கே என்பதைக் கொண்டே அளக்கின்றனர்.

அந்த வழக்கம் மோட்டார் வண்டி வருமுன்னரே தோன்றியது. 1860 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'போனி எக்ஸ்பிரஸ்' என்னும் குதிரைத் தபால் சேவை இவ்வழியே தொடங்கியது. மிசூரி மாநிலத்துச் சென் ஜோசப் நகரிலிருந்து கலிபோர்ணியாவின் சக்கிரமென்றோ நகர்வரை ஏறக்குறைய 1,900 மைல் தூரத்தைத் தபால் பத்து நாளளவில் கடந்தது. பத்து அல்லது பதினைந்து மைலுக்கு ஒரு நிலையம். அங்கே களைத்த குதிரையை விட்டுப் புதிய குதிரை ஏறவேண்டும். குதிரைக்குரிய புல்லும் நீரும் நிலையத்தில் இல்லையெனில் தபாலும் இல்லை. 1861 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் தந்திக் கம்பி நாட்டின் இரு கரைகளையும் இணைத்ததும் அச்சேவை நின்றது. நிலையங்களின் கற்சுவர்கள் மாத்திரம் சில இடங்களில் இன்றும் நிற்கின்றன.

இரு தாங்கிகள் எதற்கு?

இத்தகைய தூரங்களே அமெரிக்கப் பிக்கப் வண்டிகளுக்கு இரண்டு எரிபொருள் தாங்கிகளைத் தந்தன. பழைய நாளில் அவ்வண்டிகள் பலவற்றில் ஆசனத்தின் பின்னே, சாரதி இருக்கும் அறைக்குள்ளேயே ஒரு தாங்கி இருந்தது. பின்னர் அது வெளியே, அடிச்சட்டத்தின் பக்கமாக இடம் மாறியது. பண்ணைக்காரர்களும் தொலைதூரம் செல்வோரும் இரண்டாவது தாங்கியையும் கேட்டுப் பொருத்தினர். 1973 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது, பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் தோன்றின. கிடைத்தபோது நிரப்பி வைத்துக்கொள்ளும் வசதி எத்துணைப் பெரிதென்பதை மக்கள் அப்போது உணர்ந்தனர். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் வரிசைகளில் நின்ற எம் வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

எம் மைத்துனரின் வண்டியில் முன் தாங்கி 16 கலனும் பின் தாங்கி 19 கலனும் கொள்ளும். அமெரிக்கக் கலன் நாம் முன்னர் வழங்கிய கலனிலும் சிறியது. ஒரு கலனுக்கு 3.8 லீற்றர் அளவே வரும். பாரமான அவ்வண்டி ஒரு கலனுக்குப் பதின்மூன்று, பதினான்கு மைலே ஓடும்.

எரிபொருள் செல்லும் பாதையை வாசகர்கள் மனத்திற் பதித்துக்கொண்டால் பின்வரும் செய்தி எளிதில் விளங்கும். இரண்டு தாங்கிகளிலிருந்தும் இரண்டு குழாய்கள் புறப்பட்டு, அடிச்சட்டத்திற் பூட்டிய ஒரு வால்வை அடைகின்றன. வால்விலிருந்து ஒரே குழாய் இயந்திரத்தை நோக்கிச் செல்கிறது. இயந்திரத்தோடு சேர்ந்து இயங்கும் பம்ப், அக்குழாய் வழியே பெற்றோலை உறிஞ்சிக் காபரேற்றருக்குத் தள்ளுகிறது. சாரதியின் முன்னுள்ள பலகையில் ஒரு சுவிச் உண்டு. அச்சுவிச்சைத் தட்டினால் மின்சாரம் வால்வுக்குச் சென்று அதனை முன் தாங்கிக்குத் திருப்பும். மின்சாரம் இல்லாதபோது வால்வு தானாகவே பின் தாங்கியோடு இணைந்து நிற்கும். அதே சுவிச், எரிபொருள் அளவைக் காட்டும் மானியையும் ஒரு தாங்கியிலிருந்து மறு தாங்கிக்கு மாற்றிவிடும். ஒரு சுவிச், இரண்டு வேலை என்பதை இங்கே கவனிக்கவும்.

ஃபாலனுக்குக் கிழக்கே

ஃபாலன் என்னும் சிற்றூரில் முன் தாங்கியை நிரப்பினோம். பின் தாங்கியில் ஆறு கலன் அளவு இருந்தது. ஊரை விட்டு நீங்குமுன் மைத்துனர் இரு தாங்கியிலும் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தார். இரண்டும் பிழையின்றி வேலை செய்தன. பழைய பெற்றோலை முதலிற் செலவிடுவது அவர் வழக்கமாகையால் பின் தாங்கியிலேயே புறப்பட்டோம். அடுத்த ஊராகிய ஒஸ்ரின் 110 மைலுக்கு, அதாவது ஏறக்குறைய 177 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் போவதுபோன்ற ஒரு பயணத்தை, இடையில் ஒரு பட்டினமும் இல்லாமற் செய்வதாக எண்ணிக்கொள்ளலாம்.

ஃபாலனிலிருந்து இருபத்தைந்து மைல் அளவில் மணல்மலை ஒன்று திடீரென எழுந்து நிற்கிறது. அறுநூறு அடி உயரமான தூய மணற்குவியல் அது. பனியூழிக் காலத்தில் இங்குப் பரந்து கிடந்த ஏரி ஒன்று வற்றியபின், அதன் மணலைக் காற்று வாரிவந்து இவ்விடத்திற் குவித்ததென்பர். மணல் சரியும்போது மெல்லிய முழக்கம் ஒன்று எழும். அதன் அடியிலுள்ள குதிரைத் தபால் நிலையத்தின் இடிபாடுகளை நாமும் பார்த்தோம். ஆயிரத்தோர் இரவுக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த றிச்சர்ட் பேட்டன் 1860 ஆம் ஆண்டில் இவ்வழியே சென்றபோது அந்நிலையத்திற் தங்கினார்.

அதன்பின் மிடில்கேற் என்னுமிடத்தில் ஓர் உணவுச்சாலை. அதற்கப்பால் ஒஸ்ரின் வரை அறுபது மைலுக்கு மேல், ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கைத்தொலைபேசியின் அலையும் மறைந்தது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது.

முள் ஏறியது, இயந்திரம் நின்றது

எட்வேர்ட்ஸ் கிறீக் பள்ளத்தாக்கைக் கடந்து நியூ பாஸ் என்னும் கணவாயை நோக்கி ஏறும்போது வண்டி இருமுறை திணறியது. ஃபாலனிலிருந்து அப்போது எண்பது மைல் ஆகியிருந்தது. பின் தாங்கியின் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மைத்துனர் எதிர்பார்த்ததே அது. சுவிச்சைத் தட்டினார். மானியின் முள் உடனே எழுந்து நிறைவைக் காட்டியது. ஆயினும் வண்டியின் திணறல் நிற்கவில்லை. இன்னும் அரை மைல் சென்றிருப்போம், இயந்திரம் அடங்கிவிட்டது. வண்டியைச் சாலையின் ஓரத்துச் சரளையில் நிறுத்தினார்.

காற்றின் ஒலி தவிர வேறொன்றும் இல்லை. ஒஸ்ரினுக்கு இன்னும் முப்பது மைல் இருந்தது. வண்டியில் ஐந்து கலன் குடிநீர் இருந்தது. குடிநீரின்றி அவ்வழியிற் புறப்படுவோர் அங்கு இல்லை.

"அப்பா, மானி நிறைவாகக் காட்டுகிறதே! பெற்றோல் இருக்கும்போது இயந்திரம் ஏன் நிற்கவேண்டும்?" என்று மகள் கேட்டாள்.

"தாங்கியில் இருக்கிறது, பிள்ளை. அது இயந்திரத்துக்கு வருகிறதா என்பதை மானி சொல்லாது" என்றார் தந்தை.

அந்த ஒரு விடையே அன்றைய பாடத்தின் சாரம் என்பதைப் பின்னரே நாம் உணர்ந்தோம்.

எம் மைத்துனர் இத்தொழிலை அமெரிக்காவிற் கற்றவரல்லர். 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துக் கராஜ் ஒன்றிற் பயின்றவர். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிப்போன அந்நாளில், ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்த வாசகர்கள் மறந்திரார். சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெயைப் பாய்ச்சுவர். ஒரு போத்தல், ஒரு மெல்லிய குழாய், பொறுமை ஆகியவையே கருவிகள். இரண்டு எரிபொருளை ஓர் இயந்திரத்துக்கு ஊட்டிப் பழகிய கைக்கு, இரண்டு தாங்கிகள் அந்நியமல்ல.

ஒவ்வொரு வாசலாக

மைத்துனர் அவசரப்பட்டு எதனையும் கழற்றவில்லை. "தாங்கி முதல் காபரேற்றர் வரை ஒரு தெரு. எந்த வீட்டோடு பெற்றோல் நின்றுவிட்டது என்று ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு போவோம்" என்றார். அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம்.

முதற் கேள்வி: குறை பெற்றோலிலா, மின்பொறியிலா? இயந்திரத்தை நிறுத்தி, காற்றுவடியின் மூடியை எடுத்து, காபரேற்றரின் வாயை நோக்கியவாறே வேகத்தண்டைக் கையால் அசைத்தார். பெற்றோல் இருந்தால் உள்ளே மெல்லிய தாரை ஒன்று பீச்சும். பீச்சவில்லை. காபரேற்றர் வறண்டிருந்தது. ஆகவே குறை எரிபொருளிலேதான்.

இரண்டாவது கேள்வி: பெற்றோல் குழாயில் ஆவியாகிவிட்டதா? உயரமான இடங்களில் காற்றழுத்தம் குறைவதால் திரவங்கள் எளிதிற் கொதிக்கும். 6,300 அடி உயரமான அக்கணவாயில் தண்ணீர் 100 பாகையில் அன்றி, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். பெற்றோலும் அவ்வாறே. இயந்திரத்தின் வெப்பத்தில் குழாயினுள்ளே அது ஆவிக்குமிழாகிவிட்டால் பம்ப் வெறும் ஆவியையே இழுத்துக்கொண்டிருக்கும். பம்பின்மேலும் குழாயின்மேலும் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். சூடான இயந்திரத்தின் அருகே பெற்றோற் குழாயைக் கழற்றுதல் ஆகாது. ஆதலால் அக்காத்திருப்பு வேறு வகையிலும் வேண்டியதே.

அவ்வேளையில், எதிர்த்திசையில் வந்த வைக்கோல் ஏற்றிய பிக்கப் ஒன்று எம்மருகே நின்றது. இறங்கியவர் முதிய மாட்டுப்பண்ணைக்காரர். என்ன நேர்ந்ததென்று கேட்குமுன்னரே, தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். பின்னர்த் தம் வண்டியின் நிழலிற் சாய்ந்துகொண்டு, "உங்கள் இயந்திரம் எழும்வரை நானும் இங்கேதான்" என்றார். அவருக்கு நேரமாகுமே என்று நாம் சொன்னபோது, "இந்தச் சாலையில் நிற்கும் வண்டியை யாரும் கடந்துபோவதில்லை. நாளை நிற்பது என் வண்டியாக இருக்கலாம்" என்று புன்னகை செய்தார். தனிமையான சாலை என்று பெயர் பெற்ற இடத்தில், அந்தச் சொல்லைக் கேட்டபின் எமக்குத் தனிமை தோன்றவில்லை.

அரைமணி கழிந்தது. துணி குளிர்ந்தது, ஸ்ராற்றரைச் சுழற்றியும் இயந்திரம் எழவில்லை. ஆகவே ஆவியன்று.

மூன்றாவது கேள்வி: தாங்கிக்குள் காற்றுப் புக வழி இருக்கிறதா? பெற்றோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வரவேண்டும். காற்றுத்துளை அடைபட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலை விடாது பிடித்துக்கொள்ளும். முன் தாங்கியின் மூடியைத் திறந்தார். உள்ளே காற்றை இழுக்கும் 'உஸ்' என்ற ஓசை எழவில்லை. அங்கும் குறையில்லை.

நான்காவது கேள்வி: தாங்கியில் உள்ளது நல்ல பெற்றோல்தானா? கையால் அமுக்கும் றபர்க் குமிழ் பூட்டிய குழாயால் ஒரு கண்ணாடிப் போத்தல் அளவு எடுத்தார். எம் நாட்டிற் பலர் வாயால் உறிஞ்சுவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர். பெற்றோல் நெஞ்சுக்குள் இறங்கினால் நுரையீரலுக்குப் பெருங்கேடு. ஆகையால் அது ஒருபோதும் செய்யத்தகாதது. போத்தலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் கலந்திருந்தால் அது பாரமாகையால் அடியிற் தனியாகத் தேங்கும். துருவிருந்தால் செம்பொடியாகத் தெரியும். இரண்டும் இல்லை.

ஐந்தாவது கேள்வி: பம்ப் உயிரோடு இருக்கிறதா? கொயிலின் கம்பியைக் கழற்றி, மின்பொறி எழாதவாறு செய்தார். தீயணைக்கும் கருவியை மகள் கையிற் கொடுத்தார். பம்பின் உறிஞ்சும் குழாயை அப்போத்தலுக்குள்ளும், தள்ளும் குழாயை வேறொரு போத்தலுக்குள்ளும் வைத்துவிட்டு ஸ்ராற்றரைச் சுழற்றச் சொன்னார். இரண்டாவது போத்தலில் பெற்றோல் விட்டுவிட்டுப் பாய்ந்தது. பம்ப் நலமே!

இவ்விடத்தில் மகள், "அப்படியானால் தாங்கியிலும் குறையில்லை, பம்பிலும் குறையில்லை. இடையில் இருப்பது குழாயும் வால்வும் மாத்திரம்தானே?" என்றாள்.

"அதுதான், பிள்ளை! இனி நாங்கள் தேடும் இடம் இரண்டு முழத்துக்குள் வந்துவிட்டது" என்றார் தந்தை.

திரும்பிச் செல்லாத மின்சாரம்

மைத்துனர் வண்டியின் கீழே படுத்து, குழாய்களை விரலால் தடவி வெடிப்பு உண்டாவெனப் பார்த்தார். உறிஞ்சும் குழாயில் ஊசித்துளை இருந்தாலும் பெற்றோல் வெளியே சிந்தாது. காற்றே உள்ளே புகும். ஆதலால் கண்ணுக்கு ஈரம் தெரியவில்லை என்பதை மட்டும் கொண்டு குழாய் நல்லதென்று முடிவு செய்தல் ஆகாது. குழாய்கள் புதியவை, குறையில்லை. பின்னர் மகளைச் சுவிச்சைத் தட்டச் சொல்லி வால்வின்மேற் காதை வைத்தார். வால்வு திரும்பும்போது 'டிக்' என்று ஒலிக்கவேண்டும். பல முறை தட்டியும் ஒலியில்லை.

இனி வால்வு கெட்டதா, அதற்கு மின்சாரம் வரவில்லையா என்பதே கேள்வி. ஒரு சிறு சோதனை விளக்கை எடுத்து மகளிடம் கொடுத்து, "இப்போது நீ பார்" என்றார். அவள் விளக்கின் ஒரு முனையை வால்வுக்கு வரும் கம்பியிலும், மறுமுனையை அடிச்சட்டத்தின் சுத்தமான இரும்பிலும் தொட்டாள். விளக்கு எரிந்தது. மின்சாரம் வருகிறது. பின்னர் மறுமுனையை இரும்பிலிருந்து எடுத்து, வால்வின் ஏர்த் கம்பியிலே தொட்டாள். விளக்கு எரியவில்லை.

சற்று நேரம் பேசாதிருந்த அவள், "மின்சாரம் வருகிறது, அப்பா. திரும்பிப் போகத்தான் வழியில்லை" என்றாள்.

அக்கம்பியைத் தொடர்ந்து சென்றபோது, அது அடிச்சட்டத்தில் ஓர் ஆணியின் கீழ் முடிந்திருந்தது. ஆணி வழி அதிர்விற் தளர்ந்து, கம்பியின் வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே துருவும் உப்புப்புழுதியும் படிந்திருந்தன. காலையில் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த அது, எண்பது மைல் அதிர்வுக்குப் பின் தொடாமற் போய்விட்டது. மின்சாரம் ஓடவேண்டுமாயின், போகும் வழி போலவே திரும்பும் வழியும் வேண்டும். திரும்பும் வழி அறுந்ததால் வால்வு பின் தாங்கியோடே நின்றுவிட்டது, அத்தாங்கியோ வெறுமையாகிவிட்டது. மானி மாத்திரம் சுவிச்சின் சொல்லைக் கேட்டு, முன் தாங்கியின் நிறைவைக் காட்டிக்கொண்டிருந்தது!

கத்தியால் சுரண்டி, துணியால் துடைத்து, ஆணியை இறுக்கினார்கள். சுவிச்சைத் தட்டியதும் 'டிக்' என்ற ஓசை எமக்கும் கேட்டது. அவ்வோசைக்கு நிகரான இசையை அன்று வேறெங்கும் நாம் கேட்கவில்லை. கழற்றிய குழாய்களைப் பூட்டி, கசிவு இல்லையெனக் கண்டபின், கொயிலின் கம்பியையும் பூட்டினார். வறண்ட காபரேற்றர் நிரம்பும்வரை, ஸ்ராற்றர் சூடேறாதவாறு இடைவெளி விட்டுச் சுழற்றினார். நான்காவது முறையில் இயந்திரம் உறுமி எழுந்தது. பண்ணைக்காரர் தொப்பியைத் தூக்கி அசைத்துவிட்டு மேற்கே சென்றார். அவர் பெயரை நாம் கேட்கவுமில்லை; எம் பெயரை அவர் கேட்கவுமில்லை.

வால்வே கெட்டிருந்தால் என்ன செய்வது என்று நாம் வினவினோம். முன் தாங்கியின் குழாயை வால்விலிருந்து கழற்றி, இயந்திரத்துக்குப் போகும் குழாயோடு ஒரு சிறு உலோகக் குழலால் நேரே இணைத்து, கிளிப் போட்டு இறுக்கிவிடலாம்; பின் தாங்கியின் குழாய்க்கு ஓர் அடைப்பு வேண்டும். அவ்வாறு ஊர்போய்ச் சேரலாம் என்றார். அதற்குரிய குழலும் கிளிப்பும் அவர் பெட்டியில் இருந்தன.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு

இரட்டைத் தாங்கி வண்டிகளைப் பற்றி அன்றைய மாலையில் அவர் சொன்னவற்றுட் சில, எந்தப் பழைய வண்டிக்கும் பொருந்தும். ஒரு தாங்கியில் நன்றாக ஓடி மறு தாங்கியில் திணறினால், இயந்திரமும் பம்பும் குற்றமற்றவை. திணறும் தாங்கியின் பக்கமே தேடவேண்டும். இரண்டிலும் திணறினால், குறை இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது. இரண்டாவது தாங்கி மேலதிக பெற்றோலை மாத்திரம் தருவதன்று. அது சாட்சியுஞ் சொல்லும். சமநிலத்தில் ஓடி ஏற்றத்தில் நின்று, சற்றுப் பொறுத்தபின் மீண்டும் எழும் வண்டிக்குப் பெரும்பாலும் தாங்கியின் வடி துருவால் அடைபட்டிருக்கும். அல்லது அதன் காற்றுத்துளை அடைபட்டிருக்கும்.

1980களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த வண்டிகளில் தாங்கிக்குள்ளேயே மின்பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் தாங்கியின் பக்கம் இரண்டொரு விநாடி மெல்லிய ரீங்காரம் கேட்டால் பம்ப் உயிரோடிருக்கிறதெனக் கொள்ளலாம். அத்தகைய வண்டிகளில் இயந்திரத்துக்கு மிஞ்சிய பெற்றோல் வேறொரு குழாய்வழியே தாங்கிக்குத் திரும்பும். அத்திரும்பும் வழி மாறிவிட்டால், ஒரு தாங்கியிலிருந்து எடுத்த பெற்றோல் மறு தாங்கியிற் சேர்ந்து, அது நிரம்பி வழியும். ஓட்டாத தாங்கியின் அளவு தானே ஏறக் கண்டால் உடனே கவனிக்க வேண்டும். அது தீக்கு அழைப்பு. அன்றியும், இக்காலத்து அமெரிக்கப் பெற்றோலிற் பொதுவாகப் பத்து வீதம் வரை எதனோல் கலக்கின்றனர். பழைய றபர்க் குழாய்களை அது இளக வைத்துவிடும். ஆகையால் அவற்றை மாற்றுதல் நன்று.

ஒஸ்ரினும் அப்பாலும்

மாலை சாயும் வேளையில் ஒஸ்ரினை அடைந்தோம். 1862 ஆம் ஆண்டில் அங்கு வெள்ளி அகப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். வெள்ளி தீர்ந்தது, வந்தோர் சென்றனர். 6,600 அடி உயரத்தில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அவ்வூரில் இன்று இருநூறு பேர் வரையே வாழ்கின்றனர். ஊருக்கு வெளியே, சுரங்க முதலாளி ஒருவர் 1897 ஆம் ஆண்டிற் கட்டிய மூன்றுமாடிக் கற்கோபுரம் ஒன்று பள்ளத்தாக்கை நோக்கி நிற்கிறது. அதில் அவர் குடும்பம் குடியிருந்தது சிறிது காலமே. அதன் அடியில் நின்று, நாம் கடந்து வந்த சாலையை நோக்கினோம். றீஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின்மேல் மலையின் நிழல் மெல்லப் படர்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் அடுத்த ஊராகிய யுரேக்காவில், 1880 ஆம் ஆண்டில் எழுந்து இன்றும் கச்சேரி நடக்கும் நாடக மண்டபத்தைக் கண்டோம். அதற்கும் அடுத்த ஈலியில், நீராவி வண்டிகளைப் பழுதின்றிப் பேணும் பழைய ரயில் நிலையத்தைக் கண்டோம். ஆனால் எமது மனம் நியூ பாஸ் கணவாயின் அந்தச் சரளை ஓரத்தையே நினைத்துக்கொண்டிருந்தது.

ஒஸ்ரினில் இராவுணவு உண்ணும்போது மகள் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் வரைந்தாள். தாங்கி, குழாய், வால்வு, பம்ப், காபரேற்றர் எல்லாம் ஒரே கோட்டில். ஒவ்வொரு சோதனையும் அக்கோட்டில் எந்தப் பகுதியை நீக்கிற்று என்பதை வெவ்வேறு நிறத்தாற் குறித்தாள். அவள் பயிலும் பொறியியலும், அவள் தந்தை கராஜிற் பயின்ற தொழிலும் அந்த ஒரு தாளிலே சந்தித்தன. தந்தை அதனை நெடுநேரம் பார்த்தார். பின்னர் ஒன்றும் சொல்லாமல் மடித்து, வண்டியின் ஆவணங்களோடு வைத்துக்கொண்டார்.

மாணவர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. ஒன்று நின்றுவிட்டால், கையில் அகப்பட்டதையெல்லாம் கழற்றி மாற்றுவது அறிவன்று. எது எங்கிருந்து எவ்வழியே வருகிறதென்று கேட்டு, அவ்வழியே ஒவ்வொரு படியாக நடந்து, குற்றமற்றதை ஒவ்வொன்றாக விலக்கிவந்தால், குறை தானே தன் இடத்தைச் சொல்லிவிடும். காட்டும் கருவி நிறைவென்று சொல்வதாலேயே உரியவிடத்துக்கு உரியது சென்று சேர்ந்துவிட்டதென்று நம்பிவிடுதல் கூடாது. இது பெற்றோலுக்கு மாத்திரமன்று. வயலுக்கு வரும் வாய்க்கால் நீருக்கும், வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கும், மாணவன் மனத்துக்குள் செல்லவேண்டிய பாடத்துக்கும் பொருந்தும்.